தலைவர் கையெழுத்து

ஓடு உடைந்து மழைத்தண்ணீர் கரும்பலகை மேலேயே வழிகிற நாள்களில், எங்கள் அம்பத்தூர் பள்ளித் தலைமையாசிரியர் விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குச் சைக்கிள் மிதிப்பார். அவர் திரும்புகிறவரை இரண்டு வகுப்புகள் ஒரே அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம், தண்டவாளத் துண்டில் மணியடிக்க யார் முறை என்று சண்டை நடக்கும். உங்கள் பள்ளியிலும் அப்படியொரு தண்டவாளத் துண்டு தொங்கியிருக்கும். அந்தச் சத்தத்தை இன்றைய மின்சார மணியில் தேடித் தேடிப் பார்க்கிறேன், கிடைப்பதில்லை.

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்கு அப்பாக்கள்தான் வருவார்கள். அம்மா வாசலோடு நின்றுவிடுவாள். மறந்துபோன பென்சிலை அங்கிருந்தே நீட்டுவாள். பள்ளியை நடத்துவது ஆண்கள் வேலை என்றே நானும் நம்பியிருந்தேன்.

2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. சாலையும் குப்பையும் வீட்டு வரியும் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக்குப் போயின. பள்ளிகள் மட்டும் கல்வித்துறையிடமே இருந்தன. ஊராட்சியே இல்லாத நகரத்தில் 'ஊராட்சி ஒன்றியப் பள்ளி' என்ற பலகை பல ஆண்டுகள் வெயிலில் காய்ந்தது. இணைந்த பகுதிகளின் 139 பள்ளிகளை மாநகராட்சியிடம் ஒப்படைக்கும் ஆணை 2022 முடிகிற நேரத்தில்தான் வந்தது. அதுவரை 281ஆக இருந்த மாநகராட்சிப் பள்ளிகள் அதனால் 420 ஆயின. குழாயை ஒருவரும் கூரையை இன்னொருவரும் பார்க்கிற இழுபறி குறையவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஆனால் எனக்குப் பெரிய மாற்றமாகத் தெரிவது அதே 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் புதுப்பித்ததுதான். அப்போது இருபது உறுப்பினர்களில் பதினைந்து பேர் பெற்றோராக இருந்தார்கள், தலைவரும் பெற்றோரில் ஒருவர். 2024இல் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது, அந்தச் சாக்கில் நானும் ஒரு கூட்டத்துக்குப் போனேன். தீர்மானங்களைச் செல்பேசிச் செயலியில் ஏற்றுகிறார்கள். எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று அறிந்திருந்த எங்கள் தலைமையாசிரியரின் நினைவுக்கு அந்தச் செயலி ஈடாகாது. என்றாலும் அன்று கழிவறைக்குத் தண்ணீர் கேட்ட தீர்மானத்தை இனி எந்த அலமாரியும் விழுங்கிவிட முடியாது.

தலைவராக இருந்தவர் தொழிற்பேட்டையில் ஷிஃப்டு முடித்து நேராக வந்த ஒரு தாய். தீர்மானத்தை ஒருமுறைக்கு இருமுறை வாசித்தார், 'தண்ணீர் வசதி' என்றிருந்ததை அடித்துவிட்டு 'பெண்பிள்ளைகள் கழிவறைக்குத் தண்ணீர்' என்று எழுதச் சொன்னார், பிறகுதான் கையெழுத்திட்டார். என் கண்ணோ, அம்மா பென்சிலை நீட்டிய அந்த வாசல் பக்கமே போய்க்கொண்டிருந்தது.