ஆளுக்கொரு திருடன்

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு சொந்தத் திருடன் இருப்பது, கேமரா வாங்க உட்கார்ந்தபோதுதான் தெரியவந்தது. அப்பாவின் திருடன் விடியற்காலை வாக்கிங் வந்து, சுவரோரச் செம்பருத்தியைக் கொக்கி போட்டு இழுத்துப் பறித்துக்கொண்டு போகிறவர், பக்திமான். அம்மாவின் திருடன் பால் பாக்கெட்டை எடுக்கிறான், பூனையாகவும் இருக்கலாம். மனைவியின் திருடன் எதையும் எடுப்பதில்லை, குப்பைப் பையை எங்கள் கேட்டருகே வைத்துவிட்டுப் போகிறான். பையனுக்குத் திருடனே கிடையாது. மாடிப்படிக்கு அடியில் குட்டி போட்டிருக்கும் தெருநாயை டியூஷனிலிருந்து பார்க்க வேண்டுமாம். நாலு கேமராவும் நிரம்பிவிட்டன. நகைக்கு வருகிற அசல் திருடனுக்கு இடமில்லை.

வீட்டுப் பாதுகாப்புக்கு இந்த ஏற்பாட்டை யோசித்த நியூயார்க் நர்ஸ் மேரி வான் பிரிட்டன் பிரவுன், ஒரே கேமராவில் காரியத்தை முடித்தவர். கூப்பிட்டால் போலீஸ் வர நேரமாகிறது என்று கணவரோடு சேர்ந்து 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1969-இல் கிடைத்தது. கதவில் மேலும் கீழுமாக நாலு துவாரம், அவற்றுக்கு ஏறி இறங்கும் ஒரு கேமரா, உள்ளே டிவி. வந்தவன் நெட்டையனோ குட்டையனோ, முகம் தெரியும்.

முகம்தான் விஷயமே. கடைக்காரர் 2.8 மில்லிமீட்டர் லென்ஸைக் காட்டி, “தெரு முழுக்கத் தெரியும் சார்” என்றார். தெரியும். ஆனால் முன்பின் அறியாத ஒருவனை அடையாளம் காண, மீட்டருக்கு 250 பிக்சலாவது விழ வேண்டும் என்பது இந்தத் துறையின் கணக்கு. 2 மெகாபிக்சல் படத்தின் அகலமே 1,920 பிக்சல்தான். அகன்ற லென்ஸில் அதைப் பரப்பினால், திருடன் ஏறக்குறைய மூன்று மீட்டருக்குள் வந்து, நிமிர்ந்தும் பார்த்து ஒத்துழைக்க வேண்டும். பத்து மீட்டரில் நின்றால் ‘யாரோ ஒருத்தர்’ என்று உறுதியாகச் சொல்லலாம். அதை அப்பா கேமரா இல்லாமலேயே சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்டுக்கு மட்டும் 6 மில்லிமீட்டர் லென்ஸ் என்று பிடிவாதம் பிடித்தேன். எதிர்வீட்டு வாசல் விட்டுப்போயிற்றே என்று மனைவிக்கு இன்னும் வருத்தம்.

அடுத்தது ஒயர். கடையில் காட்டிய ‘ஒயர்லெஸ்’ கேமராவுக்கும் கரண்டுக்கு ஒரு ஒயர் தொங்கியது. அதோடு, எங்கள் சுவர்களைத் தாண்டி வைஃபை மொட்டைமாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிடுகிறது. அதனால் பிஓஇ: ஒரே நெட்வொர்க் கேபிளில் படமும் மின்சாரமும், நூறு மீட்டர் வரை. இதிலும் சூது உண்டு. அலுமினியத்துக்குச் செம்பு பூசிய கேபிளைச் சுத்தச் செம்பு என்று தலையில் கட்டிவிடுவார்கள். கத்தியால் சுரண்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். திருடனைப் பிடிக்கும் வேலை கடையிலேயே தொடங்கிவிடுகிறது.

ஹார்ட் டிஸ்க் கணக்கு எளிது. கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் என்றால், நாலுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 170 ஜிபிக்கு மேல். 1 டிபி ஆறு நாள் தாங்காது. பிறகு பழையதன் மேலேயே புதியது ஏறும். பத்து நாள் காசிக்குப் போய் வந்தால், முதல் நாள் வந்த திருடனின் பாவமெல்லாம் தொலைந்துபோயிருக்கும். 4 டிபி போட்டேன். ரெக்கார்டர், சுவிட்ச், ரவுட்டர் மூன்றுக்கும் யுபிஎஸ். பராமரிப்பு மின்தடையை ஏரியா, நேரத்தோடு பேப்பரில் போடுகிறார்களே, திருடன் பேப்பர் படிக்க மாட்டானா?

பாஸ்வேர்டாகப் பேரன் பெயரை வைக்கச் சொன்னார் அம்மா. அந்தப் பெயரைத்தான் தினமும் மாடியிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுகிறார். 2016-இல் மிராய் என்றொரு நச்சுநிரல், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமரா, ரெக்கார்டர், ரவுட்டர்களுக்குள் லட்சக்கணக்கில் புகுந்து அவற்றை அடியாட்களாக்கிவிட்டது. அந்த அக்டோபரில் அவை அடித்த அடியில் அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் படுத்துக்கொண்டன. ஆகவே எங்கள் கேமராக்களுக்குத் தனி நெட்வொர்க்; வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிடும் தூரத்துச் சொந்தம் மாதிரி, ஃபோன், லேப்டாப் இருக்கும் பக்கம் அவற்றுக்கு அனுமதி இல்லை.

மிஞ்சியது ரெக்கார்டருக்கு இடம். “விவரமான திருடன் முதல்ல அதைத்தான் தூக்குவான் சார், பூட்டுற இடமா இருக்கணும், காத்தும் போகணும்” என்றார் மாட்ட வந்த தம்பி. வீட்டில் பூட்டு ஒழுங்காக விழுவது அம்மாவின் பீரோவில் மட்டும்தான். நகைகளை பேங்க் லாக்கருக்கு அனுப்பிவிட்டு, பீரோவின் முதுகில் ஓட்டைகள் போட்டு ரெக்கார்டரைக் குடிவைத்தோம். சாவி அம்மாவின் இடுப்பில். பீரோவுக்குள்ளிருந்து இரவெல்லாம் ஏதோ இரைகிறதே என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டால், “அதெல்லாம் வெளியில சொல்லக் கூடாது” என்கிறார்.