ஸ்கேனர் சார்

எல்லா அப்பார்ட்மென்ட்டிலும் ஒருவர் இருக்கிறார். அசோசியேஷனில் பதவி கிடையாது. மெயின்டனன்ஸ் கணக்கில் தலையிட மாட்டார். தண்ணி லாரி வந்ததா என்றுகூடக் கேட்க மாட்டார். ஆனால் பார்க்கிங்கில் யாராவது பானெட்டைத் திறந்தால் போதும், அந்தச் சத்தம் மூன்றாவது மாடியில் அவர் காதில் விழுந்துவிடும். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வருவார். வீட்டில் ரேஷன் கார்டு எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. நீல நிற ப்ளூடூத் டாங்கிள் மட்டும் சட்டைப்பையை விட்டு அகலாது.

"என்ன சார், மஞ்ச லைட்டா?" அவருடைய வணக்கம் அதுதான்.

டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட விளக்கு எரிந்தால் நமக்கு வயிறு கலங்கும். அவருக்கு முகம் மலரும். புதுக் கார் என்றால் திரும்பியும் பார்க்க மாட்டார், அதற்குத்தான் வாரன்டி இருக்கிறதே! கார்புரேட்டர் காலத்து வண்டியும் ஆகாது. பேச்சுக் கொடுக்க அதில் கம்ப்யூட்டர் இல்லை. அவர் உயிர் இருப்பது 2010 ஏப்ரலுக்குப் பின் வந்து, இப்போது கிழடு தட்டிய கார்களில். அப்போதுதான் சென்னை உட்பட 13 நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 வந்தது. தன் கோளாறை வண்டியே கண்டுபிடித்துச் சொல்லும் ஓபிடி ஏற்பாடும் கூடவே வந்தது. அதற்கென ஸ்டீயரிங்குக்கு அடியில் 16 பின் சாக்கெட் ஒன்று உண்டு. பல வருஷம் ஓட்டியவருக்கும் அது தெரியாது. சார் குனியாமலே கையை விட்டு டாங்கிளைச் செருகிவிடுவார்.

அப்புறம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, செல்போனைப் பார்த்து "ம்ம்…" என்பார். அந்த 'ம்ம்'மின் நீளத்தை வைத்தே செலவைக் கணக்குப் போட்டுவிடலாம். குட்டையாக இருந்தால் ஏர் ஃபில்டர். இழுத்தால் ஆக்ஸிஜன் சென்சார். கூடவே உச்சுக்கொட்டினால் ஈசிஎம் என்கிற வண்டியின் கம்ப்யூட்டரே போச்சு. இத்தனைக்கும் அவர் காசு வாங்க மாட்டார். அதுதான் ஆபத்து. வாங்கியிருந்தால் திட்டவாவது முடியும்.

போன அக்னி நட்சத்திரத்தில் இரண்டாவது மாடிக்காரரின் 2012 மாடல் கார் மாட்டியது. ஸ்டார்ட் ஆக அடம்; சுற்றிலும் பெட்ரோல் வாடை; சாவியைப் போட்டதுமே ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்து நிற்க மறுத்தது. போனில் வந்த கோடு பி0118. "கூலன்ட் டெம்பரேச்சர் சர்க்யூட், ஹை இன்புட்" என்று சார் உரக்கப் படித்தார். "ஹை சார், ஹை! ஓவர்ஹீட். ஃபேன் சத்தத்தைக் கேட்டப்பவே நெனச்சேன்."

தெர்மோஸ்டாட் மாறியது. கூலன்ட்டை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றினார்கள். ஜி.பி. ரோட்டுக்குப் போய்ப் புதுச் சென்சாரே வாங்கி வந்து மாட்டினார்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டி விளக்கையும் அணைத்தார் சார். வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் மறுபடி எரிந்தது.

ஒன்றை மட்டும் அவர் பார்க்கவில்லை. அதே போனில் இரண்டு திரை தள்ளி, கூலன்ட் சூடு எவ்வளவு என்று எழுதியிருந்தது: மைனஸ் 40 டிகிரி. சென்னையில். மே மாத மத்தியானத்தில்.

கோடு 'ஹை' என்றது சூட்டை அல்ல, வோல்டேஜை. கம்ப்யூட்டர் இந்தச் சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்து, எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்க்கும். எஞ்சின் சூடாகச் சூடாகச் சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் குறையும், வோல்டேஜும் இறங்கும். வயர் அறுந்தால் 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். அடடா, பனிப்பிரதேசம் என்று நினைத்து வண்டி பெட்ரோலை அள்ளி ஊற்றும். எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனையும் ஓடவிடும். பஞ்சாயத்தில் பிராது கொடுத்தவனையே பிடித்துக் கட்டிவைத்த மாதிரி, சார் பாவம் அந்தப் பழைய சென்சாரைக் குப்பையில் போட்டிருந்தார்.

கடைசியில் மெக்கானிக் பையன் வந்தான். சென்சார் கப்ளரைக் கழற்றி, அதன் இரண்டு பின்னையும் ஒரு துண்டு வயரால் சேர்த்தான். "சார், உங்க போனைக் கொஞ்சம் காட்டுங்க." வயர் நன்றாக இருந்தால் அந்த எண் ஒரே தாவாக உச்சிக்குப் போக வேண்டும். மைனஸ் 40 அசையவில்லை. வயரை விரலால் தடவிக்கொண்டே போனவன் பேட்டரி தட்டுக்குக் கீழே நிறுத்தினான். எலி கடித்த இடத்தில் செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. சாண் நீள வயர், கொஞ்சம் ஈயம், மேலே ஒரு ஸ்லீவ். சாவியைப் போட்டதும் போனில் 38 டிகிரி, ஃபேன் கப்சிப்.

சார் அசருவாரா? "சர்க்யூட்னு நான் அப்பவே படிச்சேன்ல! அதுவுமில்லாம, புதுச் சென்சார் செட்டாக ரெண்டு நாள் எடுக்கும் தம்பி. இப்பத்தான் செட் ஆயிருக்கு" என்றபடி, கோடை அழிக்கும் பட்டனைத் தன் கையாலேயே அழுத்தினார்.

பிறகு, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"உங்க வண்டில அந்த லைட் எரியுதா?"

"இல்லையே சார்."

"அப்ப பல்பு போயிருக்கும். சாவியைக் குடுங்க, பாத்துருவோம்."