ஆறு நிமிச இருட்டு

வா கண்ணு, கட்டலை நெழலுக்கு இழுத்துப் போட்டு உக்காரு. உங்கம்மா போன்ல எல்லாஞ் சொல்லிட்டா. எகிப்துல லக்சார்னு ஒரு ஊராமா, 2027 ஆகஸ்ட் 2-ந் தேதி மத்தியானம் ஒரு மணி வாக்குல அங்க பொழுது மறையுதாமா, அதைப் பாக்க நீ ஏரோப்பிளேன் ஏறுறயாமா. நல்லது சாமி. நம்ம தோட்டத்துல நெதமும் சாயங்காலம் மறையுது, டிக்கெட்டே கிடையாது. அதுக்கு ஒருநாளாச்சும் நீ ரூமை விட்டு வெளிய வந்ததா எனக்கு ஞாபகம் இல்லை.

கோவிச்சுக்காதே. அப்புச்சிக்கு வெவரந் தெரியாதுன்னும் நெனைக்காதே. 2019 டிசம்பர் 26-ல கிரகணம் நம்ம காங்கயத்துக்கு மேலயே வந்துச்சல்ல? காலையில ஒம்போதரை மணி. பள்ளிக்கூடத்துப் பசங்க குடுத்த அட்டைக் கண்ணாடியை மாட்டிட்டு, கட்டுத்தறி ஓரமா நின்னு பாத்தேன். வளையல் கணக்கா நின்னுச்சு, மூணு நிமிசம். உங்க அமுச்சி வரமாட்டேன்னுட்டா. தாம்பாளத்துல தண்ணி ஊத்தி உலக்கையை நிறுத்தி, அதுக்குக் காவலா உக்காந்துட்டா. கிரகணத்தன்னைக்கு உலக்கை தானா நிக்குமாம். நின்னுச்சுதான். மக்கா நாளு அவ கோயிலுக்குப் போனப்ப நானும் நிறுத்திப் பாத்தேன், அப்பவும் நின்னுச்சு. அவகிட்டச் சொல்லலை. வயசான காலத்துல நேரத்துக்குச் சோறு வேணுமல்ல?

அன்னைக்கு எங்களுக்குள்ள ஒரு பந்தயம். இருட்டி வெளுத்தா சேவல் கூவும்னு நான், கூவாதுன்னு அவ. பத்து ரூபா. இருட்டுனாத்தானே! நெலா அன்னைக்குக் கொஞ்சம் எட்டத்துல இருந்துச்சாம், பொழுதை முழுசா மூடப் பத்தலை. வெயிலு சாம்பல் பூத்த மாதிரி மங்குச்சு, அவ்வளவுதான். சேவல் அதுபாட்டுக்குக் குப்பையைக் கிளறிட்டு இருந்துச்சு. பந்தயம் அப்படியே நிக்குது.

லக்சார்ல அப்படி இல்லீங்கற. நெலா கிட்டத்துல வந்து, அண்டாவுக்கு மூடி போட்ட மாதிரி பொருந்தி உக்காருமாமா. ஆறு நிமிசத்துக்கு மேல இருட்டு. சரி, அதுக்குன்னு மலிவா ரூம் கெடைக்குதுன்னு எட்டத்து ஊர்ல தங்கிப்போடாதே. அந்த நெழலு ஓடற பட்டை 258 கிலோமீட்டர்தான் அகலம். பட்டைக்கு வெளிய நின்னுட்டு நூத்துல தொண்ணூத்தொம்போது பங்கு மறைஞ்சுதுன்னு வந்து சொன்னீன்னா, பந்தல் போட்டு, மேளம் வாசிச்சு, பந்தியும் முடிஞ்சு, தாலி மட்டும் கட்டாத மாப்பிள்ளை நீ.

மாப்பிள்ளைன்னதும் உங்கப்பா ஞாபகம் வருது. நீ அப்ப ஒண்ணாவது. 2009 ஜூலை 22 கிரகணத்துக்கு மாப்பிள்ளை பீகாருக்கு ரயிலேறுனாரு. தாரேக்னான்னு ஒரு ஊரு, ஆரியபட்டர் வானம் பாத்த எடம்னு சொல்லிக்குவாங்க. கூட்டமான கூட்டமாம். விடிகாலையில அத்தனை பேரும் அண்ணாந்து நிக்க, வானம் பூராவும் மேகம். திடீர்னு இருட்டுச்சாம், திடீர்னு வெளுத்துச்சாம். கரண்ட் போய் வந்த மாதிரின்னு அவரே சொன்னாரு. அதே நாள் காசியில கங்கையில முங்கப் போனவங்களுக்கு வைரமோதிரம் கணக்கா நல்லாத் தெரிஞ்சுது. பாக்கப் போனவருக்கு மேகம், குளிக்கப் போனவங்களுக்குக் கிரகணம். நான் ஒண்ணும் சிரிக்கலை. மருமகனைப் பாத்துச் சிரிக்கலாமா? பொடக்காலிக்குப் போய்ச் சிரிச்சுட்டு வந்தேன்.

இதுல ஒரு வேடிக்கை கேளு. உங்கப்பாவை ஏமாத்துனதும் இப்ப உன்னைக் கூப்பிடறதும் ஒரே வம்சம். பதினெட்டு வருசம், பதினோரு நாளு, எட்டு மணி நேரம் கழிச்சு அதே மாதிரி கிரகணம் திரும்ப வருமாம். அந்த எட்டு மணி நேரத்துல பூமி மூணுல ஒரு பங்கு சுத்திருது. அதனால பீகாருக்கு வந்தது இப்ப எகிப்துக்குப் போகுது. இதே வம்சத்துப் பெருசு 1973 ஜூன் 30-ல ஆப்பிரிக்கா மேல வந்துச்சு. கான்கார்ட் விமானத்துல ஏறி, அந்த நெழலைத் தொரத்திட்டே போய், 74 நிமிசம் இருட்டுக்குள்ளயே இருந்தாங்களாமா. நீ ஆறு நிமிசத்துக்கு இந்தக் குதி குதிக்கற.

உங்கப்பாவாச்சும் ரயில்ல போனாரு. பிரான்சுல ஜான்சென்னு ஒரு மனுசன், ஒரு கால் சரியில்லாதவரு. 1868-ல குண்டூருக்கு வந்து கிரகணம் பாத்துட்டுப் போயிருக்காரு. 1870-ல பாரிசைப் பகையாளிப் பட்டாளம் வளைச்சுக் கெடக்குது, உள்ள ஈ நுழைய முடியாது. அவரு பலூன்ல ஏறித் தப்பிச்சு, அல்ஜீரியாவுல ஓரானுக்குப் போய்ச் சேந்தாரு. எதுக்கு? கிரகணம் பாக்க. என்ன பாத்தாரு? மேகம். நம்ம ஆளா இருந்தா கெரகம் சரியில்லைன்னு சோசியகாரன்கிட்டப் போயிருப்பான். அவரு மறுவருசமே கப்பலேறி நம்ம நீலகிரிக்கு வந்துட்டாரு. ஊட்டிக்குப் பக்கத்துல சோலூரு. 1871 டிசம்பர் 12. வானம் தொடைச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு, ஆசை தீரப் பாத்தாரு. அந்தக் காலத்துல அவனுக இங்க வந்தானுக, இப்ப நீங்க அங்க போறீங்க. கப்பக்காரனுக்கும் ஓட்டல்காரனுக்கும்தான் ரெண்டு பக்கமும் வரும்படி.

உன்ர ஊரு அந்த வகையில பரவால்ல. லக்சார்ல மழைங்கறதே அதிசயமாமா, மேகத்துக்கு வழியில்லை. அந்த ஒரு விசயத்துல உங்கப்பனை விட நீ கெட்டிக்காரன். ஆனா ஆகஸ்ட் மாசம் அங்க வெயிலு நாப்பது டிகிரிக்கு மேல. ஏசி ரூமை விட்டா ஏசி காருன்னு இருக்கறவன் நீ. குடையும் தண்ணியும் எடுத்துக்கோ. பொழுது உச்சந்தலைக்கு நேரா நிக்குமாமா, அண்ணாந்தே பாத்தா கழுத்து புடிச்சுக்கும். ஒரு கோரைப்பாயைச் சுருட்டிட்டுப் போய், விரிச்சு மல்லாக்கப் படு. கிரகணத்துல சாப்பிடக்கூடாதுன்னு அமுச்சி சொல்லுவா. சரின்னு தலையாட்டிட்டு, முன்னாலயே சாப்பிட்டுரு. வெறும் வயித்துல மயங்கி விழுந்தா, முழிக்கறப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும்.

கண்ணாடி விசயத்துல மட்டும் வெளையாடாதே. துளி பொழுது வெளிய தெரியற வரைக்கும் கண்ணாடி கண்ணுலயே இருக்கோணும். முழுசா மூடுனதும் கழட்டிரு. அப்பவும் மாட்டிட்டு இருந்தா ஒரு எழவும் தெரியாது. மறுபடி ஓரத்துல வெளிச்சம் எட்டிப் பாக்குதா, ஒடனே மாட்டிரு. நடுவால அந்த ஆறு நிமிசம் வெறுங்கண்ணுதான். கருவட்டத்தைச் சுத்தி வெள்ளைத் தலைமுடி விரிஞ்ச மாதிரி இருக்குமாம், பக்கத்துல வெள்ளி முளைச்சிருக்குமாம், காத்து குளுந்துருமாம். அப்ப நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியும். போனைத் தூக்கி உன்ர மூஞ்சியைப் படம் புடிப்பே. அந்த மூஞ்சியை நான் இருவத்துநாலு வருசமாப் பாத்துட்டுத்தான் இருக்கேன்.

போனைப் பாய் ஓரமாக் கீழ வெச்சிரு. சத்தம் மட்டும் பதிவாகற மாதிரி ஏதோ ஒண்ணு இருக்குமல்ல, அதை அமுக்கிட்டு வை. லக்சார்ல ஆத்துக்கு அக்கட்டால காட்டுக்காரங்க குடியிருக்கற ஊர்ப் பக்கமா எடம் பாத்துப் படு, அங்க கோழி இருக்கும். இருட்டு வெலகி வெளுக்கறப்ப சேவல் கூவுதான்னு எனக்குத் தெரியோணும். வந்து வாயில சொன்னா உங்க அமுச்சி நம்பமாட்டா, பேரனை அப்புச்சி காசு குடுத்து மடக்கிட்டாருன்னுவா. பத்து ரூபாயாச்சே.