திங்கட்கிழமைக்காரர்

வருகிற திங்கட்கிழமை முதல் தினமும் காலையில் நடக்கப்போகிறவர் திங்கட்கிழமைக்காரர் எனப்படுவார். இலங்கையில் இவர் இல்லாத ஊர் இல்லை. ஆயினும் திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிய பகுதியில் இவர் சற்று அடர்த்தியாகவே காணப்படுகிறார். கிழக்கு மாகாண நிர்வாகத்தின் தலைமையிடம் இந்நகரம். மாகாணத் திணைக்களங்கள், கச்சேரி, துறைமுக அதிகாரசபை, வங்கிகள், சீனக்குடாப் பக்கத்து ஆலைகளின் கந்தோர்கள் என்று கதிரையை விட்டு எழும்பாமலே முடிக்கக்கூடிய வேலைகள் இங்கே நிறைய. இவருடைய வயது நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்டது. ஆண்களே பெரும்பான்மை. அதே கந்தோரில் அதே வேலை பார்க்கும் பெண்களுக்கு விடியப்புறம் நாலரைக்கே அடுப்படி தொடங்கிவிடுவதால், இப்படியொரு திட்டம் போடுவதற்குக்கூட நேரம் கிடைப்பதில்லை.

இவரை இனங்காண்பது கடினமல்ல. கந்தோரின் இரண்டாம் மாடிக்கு ஏறும்போது முதலாம் மாடியில் நின்று சுவரில் ஒட்டிய அறிவித்தலை வாசிப்பார். அது காலாவதியாகி நெடுநாளான அறிவித்தல். அந்தக் கட்டடத்தில் அதை வரி பிசகாமல் ஒப்பிக்கக்கூடியவர் இவர் ஒருவர்தான். மூச்சு சீரானதும் மேலே ஏறுவார்.

இவர் உருவாவது ஒரு இரத்தப் பரிசோதனை அறிக்கையிலிருந்து. வெறுவயிற்றில் பார்த்த சீனி 118 என்று வந்திருக்கும். நூறுக்குக் கீழ் இருக்கவேண்டியது அது. 126ஐத் தொட்டால் நீரிழிவு என்று பெயர் வைத்துவிடுவார்கள். இடைப்பட்ட இந்த வாசற்படியில் நிற்பவரைப் பார்த்து வைத்தியர் சொல்வது ஒரே வசனம்: “ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் நடவுங்கோ.” இவர் கேட்பதும் ஒரே கேள்வி: “அதுக்குக் குளிசை ஒண்டும் இல்லையோ டொக்டர்?” இல்லை என்று தெரிந்த அன்று பின்னேரம் இவர் திங்கட்கிழமைக்காரர் ஆகிறார். அன்று பெரும்பாலும் செவ்வாய்க்கிழமையாக இருக்கும்.

வைத்தியர் சொன்ன அரை மணித்தியாலம் அவர் கைக்கணக்கல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், வளர்ந்தவர் ஒருவர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபடவேண்டும் என்கிறது. வேகநடை அதில் சேரும். வாரத்தில் இருப்பது 10,080 நிமிடம். கேட்கப்படுவது அதில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. அதற்கு முந்திய வழிகாட்டலில், ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடமாவது தொடரவேண்டும் என்றொரு நிபந்தனை இருந்தது. 2020இல் அதையும் எடுத்துவிட்டார்கள். படியேறுவதும் சந்தைப் பையைத் தூக்கி வருவதும்கூட இப்போது கணக்கில் வரும். இந்தத் தளர்வை இவரிடம் யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் ஏற்கமாட்டார். உடற்பயிற்சி என்றால் அதற்கு ஒரு தொடக்கநாள், ஒரு உடுப்பு, ஒரு சப்பாத்து வேண்டும் என்பது இவர் கொள்கை.

சப்பாத்து உடனே வாங்கப்படும். இவருடைய திட்டத்தில் குறித்த திகதிக்கு முன்னரே நிறைவேறும் ஒரே பகுதி கொள்வனவுதான். அரச திணைக்களங்களின் வருடாந்தத் திட்டங்களோடு பழகியவர்களுக்கு இதில் வியப்பிராது. சப்பாத்துக்குப் பின் காற்சட்டை, அதன்பின் அடிகளை எண்ணும் கைக்கடிகாரம். நாளுக்குப் பத்தாயிரம் அடி என்று அது கேட்கும். அந்த இலக்கம் மருத்துவ ஆய்வொன்றில் பிறந்ததல்ல. 1965இல் யப்பானிய நிறுவனம் ஒன்று அடிமானி விற்பதற்காகப் பரப்பியது. வயதான பெண்களை வைத்து அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வொன்று, சுமார் 7,500 அடிகளுக்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை என்றது. இச்செய்தியை வாசித்ததும் திங்கட்கிழமைக்காரர், தான் நடக்காத பத்தாயிரத்தில் இரண்டாயிரத்தைந்நூறை உடனடியாகக் குறைத்துக்கொண்டார். குழி விழுந்த ஒழுங்கையால் மோட்டார் சைக்கிளில் வரும்போது கடிகாரம் தானாகச் சில நூறு அடிகளைக் கூட்டிக்கொடுக்கும். அதை அவர் மறுப்பதில்லை.

வாரத்தின் நாட்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இவருடைய நேர்மை விளங்கும். எந்த நாளையும் காரணமில்லாமல் இவர் கைவிட்டது கிடையாது. ஞாயிறு இரவு பிந்திப் படுப்பதால் திங்கள் காலை அலாரம் அடிப்பது கேட்கும், எழும்புவதுதான் இயலாது. தவிரவும், திங்கள் காலை ஏழரை முதல் ஒன்பது வரை இராகுகாலம். நடக்கவிருந்தது ஐந்தரைக்கல்லவா என்று மனைவி கேட்பார். அந்த விவாதத்தில் எப்போதும் மனைவியே வெல்வார். நடை மட்டும் நடந்ததில்லை. செவ்வாயில் நல்ல காரியம் தொடங்குவதில்லை. புதன் கந்தோரில் நெருக்கடியான நாள். சனம் காலையிலேயே வந்து வாங்கில் குந்திவிடும் என்பதால் முதல்நாளே மனம் களைத்திருக்கும். வியாழனுக்கு இன்றுவரை காரணம் எதுவும் கண்டறியப்படவில்லை. அன்று வெறும் நித்திரை. வெள்ளி பத்திரகாளி அம்பாள் கோவில். அங்கே மூன்று முறை வலம் வருவதை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதிக்கொள்வார். வந்தபிறகு வாயில் போடும் வடையையும் மோதகத்தையும் பக்திக் கணக்கில் எழுதிக்கொள்வார். கிண்ணியாவிலிருந்து வரும் சகாவுக்கு விடியலில் எழும்புவது பிரச்சினையே இல்லை. சுபஹ் தொழுகைக்கு எழும்பி, பள்ளிவாசலுக்குப் போய்வந்து, மறுபடி படுப்பதுதான் அவருடைய பிரச்சினை. சனிக்கிழமை யாருக்காவது கலியாணம். ஞாயிறு மீன் சந்தை, ஆட்டிறைச்சி, மத்தியான நித்திரை. போயா தினம் மாதம் தவறாமல் வரும் விடுமுறை. அதை நடைக்கென்று ஒதுக்கிவைத்திருப்பதாகச் சொல்வார், ஆனால் விடுமுறையன்று யார் வேலை செய்வார்கள்?

2023இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு ஆய்வு வந்தது. பிரித்தானியாவில் ஏறக்குறைய 90,000 பேரின் தரவுகளைப் பார்த்ததில், 150 நிமிடத்தைப் பல நாளாகப் பிரித்துச் செய்தாலும் ஓரிரு நாளில் மொத்தமாகச் செய்தாலும் இருதய நோய் அபாயம் ஏறத்தாழ ஒரே அளவில் குறைகிறது என்று தெரிந்தது. திங்கட்கிழமைக்காரர் இதை வட்ஸ்அப் குழுவில் உடனே பகிர்ந்தார். குழுவின் பெயரில் ‘காலை நடை’ என்று இருக்கும். காலை வணக்கப் படங்கள் தவிர அதில் வேறெதுவும் நகர்வதில்லை. ஆய்வில் கலந்துகொண்டவர்களின் மணிக்கட்டில் கருவி கட்டி அவர்கள் உண்மையில் அசைந்ததையே அளந்தார்கள், அசைய நினைத்ததை அல்ல என்ற விபரம் பகிர்வில் விடுபட்டிருந்தது.

இடம் இல்லை என்று இவர் சொல்லமுடியாது, சொல்வதும் இல்லை. துறைமுகத்தின் கப்பற்றளப் பகுதி கடற்படையின் வசம் இருப்பதால் அங்கே ஓடுவது பயிற்சிப் படையினர் மட்டும். மற்றபடி டச்பே கடற்கரை, பின்புறம் உட்துறைமுக வீதி, மைதானங்கள் எல்லாம் கூப்பிடு தூரத்தில். எல்லாவற்றிலும் சிறந்தது பிரெட்றிக் கோட்டை. கோட்டை வாசலில் தொடங்கிக் கோணேசர் கோவில்வரை ஒரு கிலோமீற்றர் அளவில், மரநிழலோடு மெல்ல ஏறும் பாதை அது. ஏறி இறங்க அரை மணித்தியாலம் சரியாகப் பிடிக்கும், வைத்தியரே பார்த்துக் கட்டிவைத்ததுபோல. பழைய கோவிலை இடித்து 1624இல் இங்கே கோட்டை எழுப்பிய போர்த்துக்கேயரும், பிறகு பிடித்த ஒல்லாந்தரும், 1795இல் வந்த ஆங்கிலேயரும் இந்த ஏற்றத்தைக் கால்நடையாகவே அளந்திருப்பார்கள். திங்கட்கிழமைக்காரர் கோவிலடிக் கடைகள்வரை ஸ்கூட்டியில் போகிறார். வழியில் நிற்கும் புள்ளிமான்கள் அவருக்கு ஒதுங்கி வழிவிடுகின்றன. நகரத்தில் பஸ் நிலையம்வரை தினமும் தவறாமல் நடந்துபோய் வருபவை அந்த மான்கள்தான்.

காலநிலையும் இவருக்கு உதவுகிறது. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று. விடியலிலேயே அனல் வீசும். ஐப்பசி தொடக்கம் தைவரை மாரி. தை பிறந்தால் பொங்கல், மாசியில் சிவராத்திரி, பங்குனியில் திருவிழா, சித்திரையில் வருடப்பிறப்பு. ஆக, நடைக்கு உகந்த காலம் என்று இவர் மனமார ஒப்புக்கொள்வது பெப்ரவரியில் எஞ்சும் சில நாட்கள். மாதமோ குறுகியது.

ஒரேயொரு தடவை இந்த இனம் அழியும் நிலைக்கு வந்தது. 2022இல் பெற்றோல் இல்லாமற்போனது. யூலையில் எரிபொருள் அட்டைமுறை அறிமுகமானபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று அளந்தார்கள். அதற்கு முந்திய மாதம், வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று அரச ஊழியருக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. வாகனம் இல்லாத வீதி, வேலை இல்லாத வெள்ளி, பின்வளவில் மண்வெட்டி. உடற்பயிற்சிக்கு ஒரு அரசாங்கம் இதைவிட வேறென்ன செய்து கொடுக்கமுடியும்? பரணிலிருந்து சைக்கிள்கள் இறங்கின. புதுச் சைக்கிளின் விலை கைக்கெட்டாத உயரத்துக்குப் போனது. கச்சேரிக்கு வேர்த்து விறுவிறுத்து வந்த உத்தியோகத்தர்கள் அந்த மாதங்களில் இடுப்புப்பட்டியில் ஒரு துளை உள்ளே போனதைத் தாங்களே ஒப்புக்கொள்கிறார்கள். உடற்பயிற்சி செய்வதாக அவர்களில் யாரும் நினைக்கவில்லை, கஷ்டப்படுவதாகவே நினைத்தார்கள். 2023 செப்டெம்பரில் அட்டைமுறை கைவிடப்பட்டது. சைக்கிள் மறுபடி துவாய் காயப்போடும் இடமாயிற்று.

கஷ்டத்துக்கும் பயிற்சிக்கும் இடையிலான இந்த எல்லையை இவர் மிகக் கவனமாகப் பேணுகிறார். உப்புவெளிக் கரையில் விடியப்புறம் கரைவலை இழுப்பவர்களைக் கைகட்டி நின்று பார்ப்பார். அவர்களுடைய தோளையும் வயிற்றையும் வியந்து சம்மாட்டியிடம் இரண்டு வார்த்தை சொல்வார். ஒரு கிலோ பாரை வாங்கிக்கொண்டு திரும்புவார். வலையில் ஒரு கை பிடிக்கச் சொன்னால் சிரிப்பார்.

நேரம் இல்லை என்ற முறைப்பாடு மட்டும் தனியாக ஆராயத்தக்கது. பின்னேரம் நாலேகாலுக்குக் கந்தோர் முடியும். ஐந்தரைக்குப் பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றிப்போய் விடவேண்டும். ஏழு மணிக்கு ஏற்றவேண்டும். இடையில் வீட்டுக்குப் போய்வருவது பெற்றோலுக்கு நட்டம் என்று அங்கேயே நிற்பார். ரியூசன் ஒழுங்கையில் வரிசையாக நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிள்களில் ஒவ்வொன்றிலும் ஒரு தகப்பன், ஒவ்வொரு தகப்பன் முகத்திலும் போன் வெளிச்சம். ஒரு தடவைக்குத் தொண்ணூறு நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள் என்றாலே 270 நிமிடம். உலகம் முழுவதற்கும் பொதுவாகக் கேட்கப்பட்ட 150 நிமிடத்தைத் தாண்டி மிச்சமும் இருக்கிறது. அந்த ஒழுங்கையில் யாராவது ஒருவர் இறங்கி நடக்கத் தொடங்கினால் மற்றவர்களும் இறங்குவார்கள் என்று நம்ப இடமுண்டு. அந்த ஒருவர் யார் என்பதில்தான் பல வருடமாக இணக்கம் ஏற்படவில்லை. எல்லாரும் வீட்டில் சப்பாத்து வைத்திருப்பவர்கள். அங்கே நிற்பதோ செருப்போடு.

வீட்டுக்கும் கந்தோருக்கும் நடந்தே போய்வருவது இதைவிட எளிய வழி. நகரத்துக்குள் குடியிருப்பவர்களில் பலருக்கு அந்தத் தூரம் இரண்டு, மூன்று கிலோமீற்றரைத் தாண்டாது. உவர்மலையிலிருந்து இறங்குவது சுகம், ஏறுவது மருந்து. தடையாக நிற்பது தூரம் அல்ல, ஊர். திருகோணமலையில் உத்தியோகத்தர் ஒருவர் தெருவால் நடந்துபோனால் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பொருள். “பைக் பழுதோ சேர்?” என்பார் கடைக்காரர். கராச்சில் விட்டிருக்கிறாரா, அடகு வைத்துவிட்டாரா என்று அடுத்த கடையில் பேச்சு நடக்கும். நூறு யார் தாண்டுவதற்குள் பழைய மாணவன் ஒருவன், அல்லது மைத்துனரின் கூட்டாளி, பிரேக்கைப் போட்டுக் காலை ஊன்றி நிற்பான். “ஏறுங்கோ அண்ணே, நானும் அந்தப் பக்கந்தான்.” மறுத்தால் அவன் மனம் நோகும். திங்கட்கிழமைக்காரர் பிறர் மனம் நோகப் பொறுக்காதவர். நடந்துபோன அந்த ஒரேயொரு காலையிலும் இவர் கந்தோருக்கு வழமையைவிடப் பத்து நிமிடம் முன்னதாக, பின்சீற்றில் வந்து இறங்கினார்.

ஆகவே திருகோணமலையில் மோட்டார் சைக்கிள் ஓடும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். காலையில் தெரிந்த முகம் ஒன்று வெள்ளைச் சப்பாத்தோடு வீதியோரம் போவதைக் கண்டால் நிறுத்தாதீர்கள். கையைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.