ரப்பர் பேண்டில் சிக்காத அட்டை

கேள்வி: அமெரிக்காவில் பேஸ்பால் அட்டை சேர்ப்பவர்கள், நட்சத்திரமல்லாத ஆட்டக்காரர்களின் அட்டைகளையும் ஆண்டுக்கணக்கில் காப்பாற்றுகிறார்களே, அதனால் என்ன பயன்?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: ஆண்டி பாஃப்கோவைக் கேளுங்கள்! நல்ல ஆட்டக்காரர், ஆனால் மிக்கி மேன்டில் அளவுக்குப் புகழ் பெற்றவர் அல்லர். 1952-இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட 407 அட்டைகளில் அவருடையது முதல் எண். பையன்கள் அட்டைகளை வரிசையாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார்கள். மேலே இருக்கும் பாஃப்கோதான் எல்லா அடியும் வாங்குவார். ஓரம் மடங்கும், மூலை மழுங்கும். அதனாலேயே கசங்காத பாஃப்கோ அட்டை அபூர்வமானது. அப்படி ஒன்று 1998-இல் 80,000 டாலருக்கு மேல் விலைபோனது.

எல்லா அட்டைக்கும் இந்த யோகம் இல்லை. 1980-களின் கடைசியில் அட்டைகளை அச்சடித்துக் குவித்தார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தியதால் அவற்றில் பெரும்பாலானவை இன்றும் சில்லறைக் காசுக்கே கிடைக்கின்றன.

ஆனால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எத்தனை ஆட்டம், எத்தனை ஓட்டம், எந்த ஊர்க்காரர் என்று பொடி எழுத்தில் ஒரு மனிதரின் உழைப்பு முழுதும் இருக்கும். நட்சத்திரங்களை உலகமே நினைவில் வைத்துக்கொள்ளும். மற்றவர்களை நினைக்க, அட்டையை வைத்திருப்பவர்தான் உண்டு. அணி என்பது ஒன்பது பேர். அதில் எட்டுப் பேரை மறந்துவிட்டால் ஆட்டமே இல்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய தீப்பெட்டிப் படமோ தபால்தலையோ இருந்தால், தூக்கிப் போடாதீர்கள். ரப்பர் பேண்டை மட்டும் முதலில் கழற்றிவிடுங்கள்!