வந்துட்டேண்ணே: குசினிப் பாக்கி குறித்த ஓர் இலக்கண ஆய்வு

ஈப்போ வட்டாரத்தில் தரைவீடு வைத்திருப்பவர்கள் ஒருநாள் குசினியைப் பின்பக்கம் நீட்டிக் கட்டுவார்கள். அந்த வேலை முடியாது என்பதும் ஊருக்குத் தெரியும். ஏன் முடிவதில்லை என்பதைத்தான் தமிழ்ப் புலவர்கள் கண்டுகொள்ளவில்லை. இந்த ஆய்வின் களம் புந்தோங்கில் உள்ள என் வீட்டுக் குசினி. செலவு 14,000 வெள்ளி. நிதியுதவி, ஆய்வாளரின் மனைவி.

மூலத் தரவு ஒரே ஒரு தொடர்: 'வந்துட்டேண்ணே.' சொன்னவர் கொன்ட்ரெக்டர். சொல்லும்போது அவர் வரவில்லை. போனுக்குப் பின்னால் யாரோ 'தே தாரிக் ரெண்டு!' என்று கூவியது தெளிவாகக் கேட்டது. வராதவர் வந்ததாகச் சொல்வது பொய் என்று அவசரப்படக் கூடாது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றால் காலம் மயங்கலாம் என்று நன்னூலார் இடம் கொடுத்திருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் இலையை விட்டு எழாமலே, வாசலில் நிற்கிறவனுக்கு 'வந்துட்டேன்' என்று குரல் கொடுப்பது இலக்கண வகுப்பில் எல்லாரும் கேட்ட உதாரணம். ஆகவே இதுவும் விரைவு பற்றிய கால வழுவமைதி என்று குறித்து வைத்தேன்.

மூன்றாம் வாரம் அந்தக் குறிப்பை அடிக்க வேண்டியதாயிற்று. டெபாசிட் கொடுப்பதற்கு முன்னால் அவர், 'நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வருவேண்ணே' என்றார். ஏழே முக்காலுக்கு வந்து நின்றார். பாதிப் பணம் கைமாறியதும், 'வந்துக்கிட்டே இருக்கேண்ணே.' டைல்ஸ் வாங்க இன்னொரு தொகை போய், மொத்தத்தில் எண்பது விழுக்காடு கரைந்த பிறகுதான் 'வந்துட்டேண்ணே' பிறந்தது. காசு முன்னே போகப் போக வினைச்சொல்லின் காலம் பின்னே போகிறது. நன்னூலாரின் நான்கு காரணங்களோடு 'பெற்றுக்கொண்டமை' என ஐந்தாவதைச் சேர்க்கலாம் என்பது என் பணிவான பரிந்துரை.

என் அம்மாவுக்கு இந்தக் கண்டுபிடிப்பு வியப்பளிக்கவில்லை. 'பால நிறுக்காமலே சம்பளம் குடுத்தியாக்கும்?' என்றார். ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் வாளியை ஸ்டோருக்குச் சுமந்து, நிறுத்து, கிராணி எழுதிய பிறகும் மாதக் கடைசி வரைக்கும் காத்திருந்தவர் அவர். வேலைக்கு முன்னால் காசு என்பது தாமான் வீட்டுக்குக் குடிவந்த பிறகு அவருடைய பிள்ளைகள் கற்ற நாகரிகம்.

முடியாத நீட்டல் வேலைக்கு வரலாற்றுச் சான்று பத்துகாஜா அருகே நிற்கிறது. ரப்பர் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித், இருந்த வீடு போதாமல் 1915 வாக்கில் பக்கத்தில் பெரிதாக நீட்டிக் கட்டத் தொடங்கினார். கெல்லி கோட்டை என்று இன்று டிக்கெட் வாங்கிப் பார்ப்பது, ஆய்வு நோக்கில், ஓர் ஒட்டுவேலையே. ஆறு மாடிக் கோபுரம், லிப்டுக்கு இடம் எல்லாம் உண்டு. கட்டியவர்கள் நம்மவர்கள். நடுவே கொள்ளைநோய் வந்து பலர் மாண்டார்கள். இந்த இடத்தில் கேலி செய்ய மனம் வரவில்லை. மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் கேட்டார்கள், ஸ்மித் கட்டிக் கொடுத்தார். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் கோட்டை அப்படியே நின்றது. வழக்கமாகக் காணாமல் போவது கொன்ட்ரெக்டர். இங்கே வீட்டுக்காரர் என்பது ஒன்றுதான் வேறுபாடு.

சட்டமும் ஸ்மித் பக்கமில்லை. கட்டுமானப் பாக்கியைச் சீக்கிரம் வசூலிக்க 2012இல் மலேசியாவில் ஒரு சட்டம் வந்தது. தனிமனிதர் தாம் குடியிருக்கக் கட்டும் வீடு நான்கு மாடிக்குக் குறைவாக இருந்தால் அதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. என் குசினி தப்பியது. ஆறு மாடிக் கோபுரம் மாட்டியிருக்கும்.

எனக்குப் பொருந்தியது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் அதன் கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றமும். கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கை 50,000 வெள்ளி வரை, பொதுவாக வக்கீலுக்கு அனுமதி இல்லை. முதல் பாரத்தை வாங்கி வந்து மேசையில் விரித்தேன். நஷ்டம் எவ்வளவு என்று கேட்டது. நஷ்டத்தை எண்ணுவதற்காக 50 காசு நாணயத்தோடு தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு டைலாகத் தட்டினேன். நன்றாகப் பதிந்தது 'டக்' என்றது. அடியில் சிமெண்ட் பிடிக்காதது 'டொக்' என்று தேங்காய்ச் சிரட்டை போல ஒலித்தது. டொக் மொத்தம் பதினொன்று. பாரத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

மறுநாள் ஏழே முக்காலுக்கு ஆள் வாசலில். இந்த முறை 'வந்துட்டேண்ணே' என்றபோது இலக்கணம் சுத்தமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் ஏழு டைல்களைப் பெயர்த்து மாற்றிவிட்டு, மிச்ச இருபது விழுக்காட்டைக் கேட்டார்.

"இன்னும் நாலு இருக்கே, தம்பி."

"அது நல்லாத்தாண்ணே இருக்கு."

நாணயத்தை அவரிடமே கொடுத்தேன். இரண்டு பேரும் சிங்க்குக்குக் கீழே தலையை நுழைத்துக் குந்தினோம். தட்டினார். 'டொக்.' இன்னொரு தடவை தட்டினார். காதைத் தரையோடு ஒட்டி வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கரப்பான்ணே," என்றார்.