சுதந்திர அண்ணை

மொன்றியல் டவுன்டவுனில் பீல் மெட்ரோவுக்குக் கிட்ட, ஒரு மாடிக் கட்டடத்தின் 14ஆம் தளத்தில் சுதந்திர அண்ணை இருக்கிறார். வீட்டில் வைத்த பெயர் வேறு. இது கொரோனா காலத்தில் நாங்கள் வைத்தது.

"தம்பி, இது சுதந்திர நாடு. அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று டெலிபோனில் தொடங்குவார். ஆட்டிறைச்சி அளவுக்கு மிஞ்சி வாங்கிவிட்டார் என்று அதற்குப் பொருள்.

2020 நவம்பரில் கியூபெக் முதல்வர் லெகோ, நத்தாருக்கு நாலு நாள் மட்டும் பத்துப் பேர்வரை கூடலாம் என்றார். அண்ணை அன்றே கணக்குப் போட்டார். "பத்து எண்டால் பெரியாக்கள் பத்து. குஞ்சு குருமன் சேர்த்தியில்லை. அண்ணிமார் குசினிக்குள்ளைதானே நிப்பினம், அவையும் சேர்த்தியில்லை." கணக்கில் இருபத்தேழு பேர் வந்தது. டிசம்பர் 3ஆம் திகதி லெகோ அதையும் வேண்டாம் என்றபோது, அண்ணைக்கு வந்த கோபம் வைரஸ்மேல் இல்லை. "சொன்ன சொல்லிலை நிக்கத் தெரியாத மனுசன்!"

அப்படியும் அவர் கூப்பிட்டபோது நான் வரமாட்டேன் என்றேன். மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அந்த வருடம் வசந்தத்தில் கியூபெக்கின் முதியோர் இல்லங்களில் பார்க்க ஆளில்லாமல் ஆமியையே இறக்கினார்கள் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"ஆமியோ? ஊரிலை பாக்காத ஆமியோ, தம்பி!"

அதோடு கதை முடிந்தது.

2021 ஜனவரி 9இல் ஊரடங்கு வந்தது. இரவு எட்டிலிருந்து விடிய ஐந்துவரை வெளியே போகக்கூடாது; பிடிபட்டால் குறைந்தது ஆயிரம் டொலர். மற்றவர்களுக்கு வீட்டுச் சிறை, அண்ணைக்கு அது வரப்பிரசாதம். முன்பெல்லாம் ஒன்பது மணிக்குச் சாக்குச் சொல்லி எழும்பிவிடுகிற விருந்தாளி, இப்போது எட்டு அடித்த பிறகு எங்கே போவான்? "சட்டத்தை மதிக்கவேணும், இரும்" என்று காட்ஸ் கட்டை எடுப்பார். 304 விளையாட்டு விடியும்வரை போகும். அக்கம்பக்கத்தில் யாரும் முறைப்பாடு சொல்லிவிடக்கூடாதே என்று, துரும்பு வெட்டுவதைக்கூடக் குசுகுசுப்பிலே கொண்டாடினார்கள்.

நாய் வைத்திருப்பவர்கள் மட்டும் வீட்டிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் அதை நடத்தலாம் என்று அப்போது விதி இருந்தது. ஊரில் நாய் குரைத்தால் வேலி பாய்கிற அண்ணை, ஒன்பதாம் மாடிக் கிழவியிடம் நாய் இரவல் வாங்கினார். உள்ளங்கையளவு நாய். அதைக் கூட்டிக்கொண்டு மூன்று சிநேகிதர்களோடு சென்-கத்ரின் தெருவில் ஆளில்லாத கடைக் கண்ணாடிகளைப் பார்த்தபடி நடந்தார். ஷேர்புரூக் நகரில் ஒரு பெண் புருஷனுக்கே வார் மாட்டி நடத்திப் பொலிசிடம் தண்டம் வாங்கிய செய்தியை எங்கள் எல்லோருக்கும் அனுப்பிவைத்தவரும் அவர்தான். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அண்ணி அவரைப் பார்த்த பார்வை சரியில்லை என்று கேள்வி.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கியதேயில்லை. சுதந்திரமாகத் தனியே இருக்க அவருக்குத் தெரியாது. முகக்கவசத்தைக் கழற்றுவதானாலும் பக்கத்தில் இன்னொருவரும் கழற்றவேண்டும். வரமாட்டேன் என்பவனுக்குச் சுதந்திரம் கிடையாது. அவன் பயந்தாங்கொள்ளி, பெரிய மனிதனாகிவிட்டவன், கலியாண வீட்டில் முகம் திருப்பவேண்டியவன். எங்கள் ஆட்களுக்குள் தொற்றை விட "கூப்பிட்டும் வரேல்லை" என்பது கொடிய வியாதி. அண்ணைக்கு அது தெரியும். பாதிப்பேர் அந்தப் பயத்தில்தான் லிஃப்ட் ஏறினார்கள். என்னையும் சேர்த்துத்தான், ஒரு தரம். ஆட்டுக்கறி நன்றாக இருந்தது. பிறகு பத்து நாள், தொண்டையில் செருமல் வரும்போதெல்லாம் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் படுத்தேன்.

2022 மே நடுவில் பெரும்பாலான பொது இடங்களில் முகக்கவசக் கட்டாயமும் போனது. மகனின் பிறந்தநாளுக்கு அண்ணையைத்தான் முதலில் அழைத்தேன்.

"ஆரார் வருகினம்?" என்றார். சொன்னேன்.

"உந்த அளவெட்டிக்காரற்றை பெடிக்குத் தடிமன் எண்டு கேள்விப்பட்டன். எனக்குப் பிறஷரும் இருக்கு. மற்றவையைப் பற்றி ஒரு யோசினை வேண்டாமே, தம்பி?"

சரி அண்ணை என்றேன். போனை வைக்கப் போனவர் திரும்பவும் கூப்பிட்டார்.

"மட்டன் ரோல்ஸ் இருந்தால் குடுத்துவிடு. லொபியிலை வைச்சிட்டுப் போ. மேலை வராதை."